பைன் காட்டில் டிஸ்க் எறிய வருகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். எல்லோருமே அகஸ்டா பக்கம் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள். கிரிக்கெட் ஆடிப் பழகிய தோள், நல்ல வேகம். ஊருக்குள் இருக்கும் புல்வெளிப் பூங்காவில் இரண்டு வாரம் எறிந்து பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் நேரே ஆப்ளிங் காட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒன்பதாவது பாஸ்கெட் வருவதற்குள் ஒருவன் மூன்று டிஸ்க்கைத் தொலைத்திருந்தான். இன்னொருவன் பேசுவதையே நிறுத்தியிருந்தான். திரும்பும்போது காரில் அந்தப் பெண் கேட்டாள்: “இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள்?”

சொல்லியிருக்கலாம்தான். இப்போது சொல்கிறேன்.

டிஸ்க் கால்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கால்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. டீ என்கிற தொடக்க மேடையிலிருந்து எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, எத்தனை எறிதலில் கூடைக்குள் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. நான் சொல்லும் ஆப்ளிங், ஜார்ஜியாவில் அகஸ்டாவுக்கு வடமேற்கே, கிளார்க்ஸ் ஹில் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே வைல்ட்வுட் பார்க்கில் 2007-ல் சர்வதேச டிஸ்க் கால்ஃப் மையத்தைத் திறந்தார்கள். பதினெட்டு கூடைகள் வீதம் மூன்று களங்கள். அதில் டபிள்யூ. ஆர். ஜாக்சன் களத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் உலகமே டிவியில் பார்க்கும் மாஸ்டர்ஸ் கால்ஃப் நடக்கும் அதே அகஸ்டா வட்டாரம்தான். அங்கே புல்லுக்கே தலைவாரி விட்டிருப்பார்கள். இங்கே செம்மண், வேர், பைன் ஊசி, மரம். பிறகு இன்னும் மரம்.

1. எறிவதற்கு முன்னால் நடந்து பாருங்கள். டீயில் நின்றால் கூடை தெரியாத இடங்கள் இங்கே நிறைய. தெரியாத கூடையை நோக்கி எறிவது, மேல்மாடியிலிருந்து தெருவில் போகிறவரிடம் சாவியைப் போடுவது மாதிரி. போய்ச் சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கூடை கண்ணில் படும்வரை நடங்கள். வழி எங்கே திரும்புகிறது, இடது பக்கம் மோசமா வலது பக்கம் மோசமா என்று பாருங்கள். ஒரு பக்கம் பைன் ஊசி மெத்தை, அடர்த்தி குறைவு. மறுபக்கம் முள்ளும் ஓடைச் சரிவும். தவறுவது என்று ஆகிவிட்டால் எந்தப் பக்கம் தவறலாம் என்பதை எறிவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

இன்னொன்று. திரும்பி வரும்போது மரப்பட்டைகளைப் பாருங்கள். டீயைப் பார்த்த பக்கம், நெஞ்சு உயரத்தில், சில மரங்களில் பட்டை உரிந்து உள்மரம் வெளுத்துத் தெரியும். பத்துப் பதினைந்து வருஷமாக ஆயிரக்கணக்கான டிஸ்க் வாங்கிய அடி. எந்த மரம் எல்லோரையும் பிடிக்கிறது என்று அந்த மரமே எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் வரைபடத்தில்கூட இது இருக்காது.

2. டிரைவரைக் காரிலேயே வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் கடையில் முதலில் எடுப்பது டிரைவர் என்கிற விளிம்பு அகலமான, வேகமான டிஸ்க். அதன் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், சாய்வு. டெஸ்ட்ராயர் என்றால் 12, 5, -1, 3. கூடைக்குள் போடுவதற்கான அவியார் புட்டர் என்றால் 2, 3, 0, 1. அந்த 12 நமக்குக் கிடைக்கும் வேகம் அல்ல, அந்த டிஸ்க் நம்மிடம் கேட்கும் வேகம். கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் அது நேராகப் பறக்கவே பறக்காது; கையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இடதுபுறம் சரிந்து விழுந்துவிடும். வலது கைக்காரர் பேக்ஹேண்டில் எறிவதைச் சொல்கிறேன்.

புல்வெளியில் இடதுபுறம் சரிந்தால் இடதுபுறம் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். காட்டில் இடதுபுறம் இன்னொரு உலகம். புட்டர் இரண்டு, இடைத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் இரண்டு போதும். மிட்ரேஞ்சுக்குப் பஸ் அல்லது ராக், எதுவானாலும் சரி. ஆறு மாதம் இந்த நான்கோடு ஆடுங்கள். “புட்டரால் 200 அடிதான் போகுது அங்கிள்” என்றான் ஒருவன். வழியை விட்டு விலகாமல் 200 அடி போனால் அன்றைக்கு நான் உனக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றேன். இன்னும் வாங்கித் தரவில்லை.

3. “மரம் என்பது 90 சதவீதம் காற்று” என்று இங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கிளைக்குள் சும்மா எறி, எப்படியோ போய்விடும் என்று அர்த்தம். நான் முப்பது வருஷம் கணக்குப் போட்டுப் பிழைத்தவன். உட்கார்ந்து இதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்.

பத்துக்குப் பத்து அடிக்கு ஒரு மரம், ஒவ்வொன்றும் ஓர் அடி விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் 100 சதுர அடியில் மரம் அடைப்பது 0.8 சதுர அடி. ஆகவே 90 என்ன, 99 சதவீதம் காற்றுதான். ஆனால் டிஸ்க் அந்தக் காற்றில் ஒரே இடத்தில் நிற்பதில்லையே. சுமார் 21 செ.மீ. அகலமுள்ள தட்டு நீளமாக ஒரு பாதையைத் துடைத்துக்கொண்டே போகிறது. தட்டின் அகலத்தையும் மரத்தின் அகலத்தையும் சேர்த்தால் 1.7 அடி. அப்படியானால் மரங்கள் ஒழுங்கில்லாமல் நிற்கும் இடத்தில் குருட்டாம்போக்கில் எறிந்த டிஸ்க் சராசரியாக 59 அடியில் ஏதாவது ஒரு மரத்தில் முட்டிவிடும். 200 அடி முட்டாமல் போவது நூற்றில் மூன்று தடவை.

நூற்றில் மூன்று. லாட்டரிச் சீட்டைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். ஃபேர்வே என்று வெட்டிவிட்டிருக்கிறார்களே, அந்த இருபது முப்பது அடிச் சந்து, அது ஒன்றுதான் நமக்குச் சொந்தம். அதை விட்டு விலகியதும் நாம் அந்த நூற்றில் மூன்றுக்குள் போய்விடுகிறோம்.

4. மரத்தைப் பார்க்காதீர்கள், சந்தைப் பாருங்கள். சைக்கிள் கற்றுக்கொண்டபோது எந்தக் கல்லில் ஏறக்கூடாது என்று முறைத்துப் பார்த்தோமோ அதில்தானே ஏறினோம். சந்துக்கு அப்பால், தூரத்தில், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு வெளுத்த கட்டை, வெயில் விழுந்த ஒரு திட்டு. கண் அங்கே இருக்கட்டும்.

கோணக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. கை ஒரு டிகிரி பிசகினால் 60 அடி தூரத்தில் டிஸ்க் ஓர் அடி விலகும். ஆக, 60 அடியில் நிற்கும் பத்தடிச் சந்துக்குள் போக உங்களுக்கு இந்தப் பக்கம் ஐந்து டிகிரி, அந்தப் பக்கம் ஐந்து டிகிரி கூட இல்லை. அதே பத்தடிச் சந்து 30 அடியில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சலுகை. பக்கத்தில் இருக்கும் இடுக்கைக் கண்டு பயப்படுகிறார்கள், தூரத்தில் இருக்கும் இடுக்கை அலட்சியம் செய்கிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும். டீ மேடையின் அகலத்தையும் பயன்படுத்துங்கள். நடுவில்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டடி வலதுபுறம் தள்ளி நின்றால் ஒரு மரம் மறைந்து வழி திறப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

5. தாழ எறியுங்கள். கூரை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். டிஸ்க்கின் முன் விளிம்பு தூக்கியிருந்தால் அது மேலே ஏறி, கிளையில் தட்டி, பாதி தூரத்தில் செங்குத்தாக இறங்கும். நெஞ்சு உயரத்தில் புறப்பட்டு நெஞ்சு உயரத்திலேயே போகட்டும்.

6. நின்ற நிலையில் எறியப் பழகுங்கள். டீயில் நாலு எட்டு ஓடி வந்து எறியலாம். சிமெண்ட் மேடை இருக்கிறது. இரண்டாவது எறிதலுக்கு ஒரு கால் வேர் மேல், ஒரு கால் சரிவில், பின்னால் ஒரு மரம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வீட்டுப் பின்கட்டில் தினமும் இருபது எறிதல், கால் நகராமல். மண்டியிட்டுப் பத்து. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

7. ஃபோர்ஹேண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். வலது கைக்காரருக்குப் பேக்ஹேண்ட் கடைசியில் இடதுபுறம் சாயும். ஃபோர்ஹேண்ட் வலதுபுறம் சாயும். வழி வலதுபுறம் வளைகிற இடத்தில் பேக்ஹேண்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டிருக்கிறீர்களா, மணிக்கட்டை வெட்டி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஓடுமே. அதே மணிக்கட்டுதான். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து பந்து எறிந்தவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆனால் தோளால் எறிவார்கள், வலி வரும். முழங்கை இடுப்புக்கு ஒட்டியே இருக்கட்டும்.

8. மாட்டிக்கொண்டால் முதலில் வெளியே வாருங்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றதெல்லாம் இதற்குச் சுற்றுச்சுவர். மரத்தில் அடிப்பது தப்பில்லை. இந்த விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர்களும் அடிக்கிறார்கள். 2022-ல் இதே களத்தில் பிடிஜிஏ என்கிற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் சாம்பியன்ஸ் கப் நடந்தது; ஜெயித்தவர் டென்னசிக்காரர் கிறிஸ் டிக்கர்சன், காட்டு ஆட்டத்துக்கே பேர்போனவர். அந்த ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். மரத்தில் அடித்தபின் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். நம்மை அவர்களிடமிருந்து பிரிப்பது முதல் எறிதல் அல்ல, மரத்தில் அடித்ததற்கு அடுத்த எறிதல்.

என் கதையைச் சொல்கிறேன். ஆட ஆரம்பித்த இரண்டாம் வருஷம். பார் 4, அதாவது நாலு எறிதலில் முடிக்க வேண்டியது. என்னோடு ஆடியவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அப்போதே எழுபது தாண்டியிருந்தது. 220 அடிக்கு மேல் அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. நான் அன்றைக்கு 300 அடி எறிகிற மிதப்பில் இருந்தேன்.

இருவருமே முதல் எறிதலில் மரத்தில் அடித்தோம். இருவர் டிஸ்க்கும் வலதுபுறம், ஃபேர்வேயிலிருந்து நாற்பதடி உள்ளே. என் டிஸ்க் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் பக்கவாட்டில், ஃபேர்வேக்குத் திரும்ப, எட்டடி அகலத்தில் ஒரு வழி இருந்தது. கூடை இருக்கும் திசையில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே வாசல்நிலை அளவுக்கு ஓர் இடைவெளி, அதற்குப் பின்னால் வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் கெடுத்தது. பக்கவாட்டில் எறிந்தால் ஓர் எறிதல் வீண் என்று தோன்றியது. முன்னால் எறிந்தேன். இடது மரத்தில் ‘டொக்’ என்று அடித்து டிஸ்க் எனக்குப் பின்னால் வந்து விழுந்தது. கோபம். அதே இடைவெளிக்கு இன்னொன்று. இந்த முறை வலது மரம், இன்னும் முப்பதடி உள்ளே தள்ளியது. அங்கிருந்து பக்கவாட்டு வழியும் போய்விட்டது. அப்புறம் ஒரு கொடிப் புதருக்குள் மண்டியிட்டு எறிந்தது, அது போகாதது, மறுபடி எறிந்தது. கடைசியில் ஒன்பது.

பெரியவர் என்ன செய்தார்? புட்டரை எடுத்தார். நாற்பதடி, பக்கவாட்டில், தரையோடு தரையாக, யாரோ குழந்தைக்குப் பந்து உருட்டுவது மாதிரி ஃபேர்வேக்குத் தள்ளினார். அங்கிருந்து 200 அடி நேராக ஒன்று. கூடைக்குப் பக்கத்தில் ஒன்று. உள்ளே ஒன்று. ஐந்து. அவர் அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை புத்திமதி சொல்லவில்லை. பென்சில் முனையை நாக்கில் தொட்டு, கார்டில் என் பெயருக்கு நேரே 9 என்று நிதானமாக எழுதினார். அந்த ஒன்பதின் வால்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டால், முன்னால் தெரியும் இடைவெளியைப் பார்த்து, இங்கிருந்து பத்து தடவை எறிந்தால் எத்தனை தடவை போகும் என்று கேட்டுக்கொள்வேன். மனசு ஏழு என்று சொல்லும். அது பொய், அதில் இரண்டைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் ஆறுக்கு மேல் இருந்தால் எறிவேன். இல்லையென்றால் வெளியே வந்துவிடுவேன். வெளியே வருவதிலும் கவனம் வேண்டும். ஆத்திரத்தில் ஓங்கித் தள்ளி, ஃபேர்வேயைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கக் காட்டுக்குள் போனவர்கள் உண்டு. எங்கே நின்றால் அடுத்த எறிதலுக்குக் கூடையோ வளைவோ கண்ணுக்குத் தெரியும், அங்கே போய் நிற்கிற மாதிரி அளந்து தள்ளுங்கள். போகி, அதாவது பாருக்கு மேல் ஓர் எறிதல், வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இந்தக் காட்டில் பதினெட்டு கூடைக்கும் போகிக்கு மேல் போகாத ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. வாய்த்தால் பாயசம் வைக்கச் சொல்லுவேன்.

9. விதிகளைப் படித்து வையுங்கள், பாதி விதிகள் காட்டுக்காகவே எழுதினது. டிஸ்க் விழுந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு அதற்குப் பின்னால் நிற்க உங்களுக்குக் கிடைப்பது 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம். ஓர் ஏ4 தாள் போட்ட மாதிரி. எறியும் கணத்தில் ஒரு காலோ முழங்காலோ அந்தத் தாளின் மேல் இருக்க வேண்டும். மீதிக் கால் எங்கே வேண்டுமானாலும் நீளலாம், கூடைக்கு அருகில் போகாமல் இருந்தால் சரி.

கிளையை ஒடிக்கக்கூடாது. கையால் பிடித்து ஒதுக்கவும் கூடாது, நண்பனை விட்டுப் பிடிக்கச் சொல்லவும் கூடாது. நிற்கும்போது செடி கொடி குறைவாக அசையும் நிலை எதுவோ அதில்தான் நிற்க வேண்டும். காலடியில் கிடக்கும் உதிர்ந்த குச்சியை, சருகை அகற்றலாம். உங்கள் முறை வந்தால் 30 வினாடிக்குள் எறிய வேண்டும். தொலைந்த டிஸ்க்கைத் தேட 3 நிமிஷம்.

டிஸ்க் மரத்தில் தொங்கினால் பயப்படாதீர்கள். நேர் கீழே தரையில் இருந்து எறியலாம். இரண்டு மீட்டருக்கு மேல் தொங்கினால் தண்டனை என்பது போட்டி நடத்துகிறவர் முன்கூட்டியே அறிவித்திருந்தால் மட்டும். முள்ளுக்குள் நிற்கவே வழியில்லை என்றால் ஓர் எறிதலைத் தண்டமாகக் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து உங்கள் இடம் வழியாக ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலேயே பின்னால் போய் நிற்கலாம். ரத்தம் சிந்துவதைவிட ஓர் எறிதல் மலிவு. இதைத் தெரியாமல் போன வாரம் ஒருவன் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டான்.

10. டிஸ்க்கைக் கண்ணால் மட்டும் தேடாதீர்கள், காதாலும் தேடுங்கள். மரத்தில் தட்டிய சத்தம் வந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. அடுத்து ‘சரசர’ என்று வந்தால் சருகில் சறுக்கியிருக்கிறது. மெத்தென்று வந்தால் பைன் ஊசி. சத்தமே வரவில்லை என்றால் மேலே பாருங்கள். விழுந்த திசையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து போங்கள். எறிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பிக்கொள்கிறவன்தான் டிஸ்க்கைத் தொலைக்கிறான். சினிமாவில் செய்யலாம் அதையெல்லாம்.

நிறம் பற்றி ஒரு சொல். பச்சை வாங்கவே வாங்காதீர்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் கோடையில் பளிச்சென்று தெரியும். நவம்பரில் ஓக் இலை கொட்டிய பிறகு ஆயிரம் சிவப்புக்கு நடுவே அதுவும் ஒரு சிவப்பு. வெள்ளை நல்லது என்பார்கள். ஆனால் கிளை வழியே விழும் வெயில் திட்டு ஒவ்வொன்றும் வெள்ளை டிஸ்க் மாதிரியேதான் இருக்கும். எனக்குப் பிடித்தது கண்ணைக் குத்தும் ரோஜா நிறமும் வெளிர் நீலமும். பேத்தி கேலி செய்கிறாள், செய்யட்டும். இலையுதிர் காலத்தில் டிஸ்க் சருகின் மேல் கிடக்காது, கத்தி மாதிரி அடியில் சொருகிக்கொள்ளும். காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். உங்கள் பெயரும் போன் நம்பரும் அடியில் எழுதியிருக்கட்டும். எழுதின டிஸ்க் எனக்குப் பல தடவை திரும்பி வந்திருக்கிறது.

11. கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் நிதானம். எறிந்து முடித்து உடம்பு நிலைக்கு வரும்வரை அடையாளத்தைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. காட்டில் பல கூடைகளுக்கு முன்னால் ஒரு மரம் காவலுக்கு நிற்கும். காலை அகட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து போட வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஓங்கி எறிந்தால் சங்கிலியே திருப்பித் துப்பும்.

அந்தச் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. எட் ஹெட்ரிக் என்று ஒருவர், வாம்-ஓ கம்பெனியில் ஃபிரிஸ்பீயைத் திருத்தி அமைத்தவர். 1975-ல் கலிஃபோர்னியாவில் லா கன்யாடா பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தைப் போட்டார். சங்கிலி தொங்கும் கூடைக்குக் காப்புரிமை வாங்கினது 1977-ல். 2002-ல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். நாம் ஆற்றில் கரைக்கிறோம், அவர் பறக்கப் போய்விட்டார். ஆப்ளிங் மையத்தில் ஒரு களத்துக்கு அவர் பெயர்தான். பழைய டிஸ்க்குகளும் கூடைகளும் வைத்திருக்கிறார்கள். முதல் முறை வருகிறவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஆட்டத்துக்குப் பிறகு உங்களுக்கு மனநிலை இருக்காது.

12. பின்னால் வருகிற கூட்டம் வேகமாக ஆடினால் வழிவிடுங்கள். டிஸ்க் ஆள் பக்கம் திரும்பினால் ‘ஃபோர்’ என்று கத்துங்கள், வெட்கப்படாமல்.

13. காட்டில் மரம் மட்டும் இல்லை. விஷப் படர்கொடி ஒன்று உண்டு, பாய்சன் ஐவி என்பார்கள். வில்வ இலை மாதிரி மூன்று மூன்றாக இலை. மரத்தில் ஏறினால் தண்டு முழுக்க மயிர் மாதிரி வேர் பிடித்திருக்கும். அதன் எண்ணெய் பட்டால் ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருப்பீர்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த கொடியிலும் எண்ணெய் உண்டு. டிஸ்க் அதன் வழியாகப் போனால் டிஸ்க்கிலும் ஒட்டும். வீட்டுக்குப் போனதும் கையோடு டிஸ்க்கையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காப்பர்ஹெட் பாம்பு சருகு நிறத்திலேயே இருக்கும். விழுந்த கட்டைக்கு அடியில் கையை விடாதீர்கள், குச்சியால் இழுங்கள். ஜூலையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நிழல்தானே என்று வெறுங்கையோடு வந்த ஒருவனைப் பன்னிரண்டாவது கூடையிலிருந்து தோளில் தாங்கிக் கூட்டிவந்தோம்.

அப்புறம் உண்ணி. எள்ளு அளவு இருக்கும், கடித்தால் தெரியாது. காய்ச்சல், மூட்டுவலி என்று பின்னால் இழுத்துவிடக்கூடியது. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய் என்று பாட்டி வைத்தியம் வேண்டாம். முழங்காலுக்குப் பின்னால், அக்குள், காது மடலுக்குப் பின்னால் பாருங்கள். சனிக்கிழமை மாலை என்னை வீட்டுக்காரி உடனே உள்ளே விடுவதில்லை. பின்வாசல் விளக்கடியில் நிற்கவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, டார்ச்சோடு ஒரு சுற்று வருவாள். எத்தனை என்று அப்போது அவள் கேட்பது உண்ணியையா ஸ்கோரையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குளிப்பேன்.